அக்கா பெரட்டுக்கு வராத ஆண்டு

அந்த வருடம் ஆரம்பப் பள்ளியின் ஆறாம் ஆண்டில் ஒன்றாக இருந்தவர்கள் நாம். "யு.பி.எஸ்.ஆரில் எத்தனை ஏ?" என்று யாராவது கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். கொரோனாவால் ரத்தாகி, நாம் எழுதாமலே போன ஆறாம் ஆண்டுச் சோதனைக்கு ஏது ஏ? இப்போது நமக்குப் பதினெட்டு வயதாகிறது. "முந்தாநாள் நடந்ததுக்கு என்னா நினைவுக் குறிப்பு லா?" என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தை நான் இப்போதுதான் முடித்தேன். அக்கா அந்த வருடம் எந்த இடத்தில் நின்றாளோ அதே இடத்தைக் கடந்து வந்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில் கண்ணால் மட்டும் பார்த்த சிலது இப்போதுதான் விளங்குகிறது.

எங்கள் வீடு ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகும் பக்கத்தில், முன்பு கித்தாத் தோட்டமாக, அதாவது ரப்பர் தோட்டமாக, இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட நிலத்தின் ஓரத்தில் இருந்தது. அப்பா பள்ளி வேன் ஓட்டினார். உங்களில் பாதிப் பேர் அதில் ஏறியவர்கள்தான். வெயிலில் காய்ந்த இருக்கை உறை, யாரோ கொட்டிய மைலோ, ஈரக் காலுறை, நாசி லெமாக் பொட்டலம் எல்லாம் கலந்த அந்த வாடை உங்கள் மூக்கிலும் இன்னும் இருக்கும். அப்பா ஒரு பிள்ளையைக்கூடத் தாமதமாகக் கொண்டுபோய் இறக்கியதில்லை. வீட்டு வாசலில் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அப்படியும் வராவிட்டால் இறங்கி உள்ளேயே வந்துவிடுவார்.

"பெரட்டுக்கு நிக்காதவனுக்கு அன்னிக்குப் பேரு இல்ல" என்பார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வரிசையில் இல்லாதவருக்கு அன்று வேலை கிடையாது. அப்பாவைப் பெற்றவர்கள் அந்த வரிசையில் நின்றவர்கள். தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டித் தள்ளிய பிறகும் அந்தச் சொல் மட்டும் அவர் வாயிலிருந்து போகவில்லை.

மார்ச் மாதம் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது அப்பாவுக்குக் கை ஒடிந்தது போலாகிவிட்டது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தினமும் காலையில் வேனை முடுக்கிவிட்டு, எங்கேயும் போகாத வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஆனால், பாடம் கைப்பேசியில் நடக்கும் என்ற செய்தி வந்ததும் அவருக்கு உயிர் வந்தது. பெரட்டு நின்றுவிடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

நான் அதில் கெட்டிக்காரி. நம் டீச்சர் வாட்ஸ்அப் குழுவில் நட்சத்திரம் போடுவாரே, ஞாபகமிருக்கிறதா? வீட்டுப்பாடத்தை முதலில் படம் பிடித்து அனுப்புகிறவருக்குத் தங்க நட்சத்திரம். அதற்காகவே நான் வாழ்ந்தேன். சோதனையே இல்லை என்று அறிவித்த பிறகும் நட்சத்திரத்துக்காக ஓடினேன். அனுப்பியதில் பாதி எனக்கே புரியாது. ஆனாலும் அப்பா அந்த நட்சத்திரங்களை அம்மாவிடம் காட்டுவார். "பாத்தியா, சின்னவ முயற்சிக்காரி."

பெரியவளைப் பற்றி அப்படிச் சொல்லிக்காட்ட வேண்டிய அவசியமே அதுவரை இருந்ததில்லை. அக்கா எங்கள் வரிசை வீடுகளுக்கே பெருமை. ஈப்போவில் இடைநிலைப் பள்ளியில் படித்தாள். வேதியியல் சூத்திரங்களைக் குளியலறைக் கதவில் ஒட்டிவைத்துக் குளிக்கும்போது பாட்டாகப் பாடுவாள். மருந்தாளர் ஆகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளி இடையில் கொஞ்ச காலம் திறந்து, வருடக் கடைசியில் மறுபடியும் மூடியது. அவள் எழுத வேண்டிய படிவம் ஐந்தின் இறுதிச் சோதனையான எஸ்.பி.எம். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிருந்தது. அந்த இரண்டாவது மூடலில்தான் பாட்டு நின்றது. குளியலே ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாகிவிட்டது.

நானும் அவளும் ஒரே அறை. அவள் காலையில் படுத்தபடியே கைப்பேசியைத் தட்டி வகுப்புக்குள் நுழைவாள். கேமராவை மூடுவாள், மைக்கை அணைப்பாள், கைப்பேசியைத் தலையணை மேல் கவிழ்ப்பாள். ஆசிரியரின் குரல் பஞ்சுக்குள் புதைந்து கரகரவென்று வந்துகொண்டிருக்கும். அவள் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தூங்கமாட்டாள். அதுதான் எனக்கு விநோதமாக இருந்தது. அறைக்கு வெளியே திரைச்சீலைக்கு அப்பால் அப்பா நின்று ஆசிரியரின் குரலைக் கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போய்விடுவார்.

"ஏன்க்கா படிக்க மாட்டேங்குற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிக்கிறேன் பாப்பா. ஒரே வரியத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உள்ள போவ மாட்டேங்குது."

"அப்ப எழுதிப் பாரு லா."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தூரத்தில் போகிற பேருந்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுடைய வகுப்பாசிரியை அப்பாவை அழைத்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா, ஒங்க மக வகுப்புக்குள்ள வாராங்க, ஆனா கூப்புட்டா பதில் இல்ல. முன்மாதிரித் தேர்வும் எழுதல. ஒரு பாடமும் அனுப்பல. நல்ல புள்ள ஐயா, அதான் கேக்குறேன். வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

"ஒரு பிரச்சினையும் இல்ல டீச்சர்" என்றார் அப்பா. அந்தக் குரலைக் கேட்டு என் கைச்சோறு நின்றது.

அன்று அக்காவை அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுது முடிந்திருக்கும். அறை வாசலில் நின்று, "என்னைக் காவக்காரனா நிக்கவச்சி ஏமாத்திருக்கே" என்றார். "டிக்டாக்கா? எவனாவது பையனா? சொல்லு." அப்பா அவள் கைப்பேசியை எடுத்து அங்கேயே நின்று முழுக்கத் தேடிப் பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பையன் என்றால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். ஒன்றுமே இல்லாததை என்ன செய்வது?

அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்த வருடம் உலகத்துக்கே கையுறை தேவைப்பட்டதால் ஓவர்டைம் ஓயவே இல்லை. வீடு திரும்பும்போது விரல்நுனிகள் வெளிறிச் சுருங்கியிருக்கும். செய்தியைக் கேட்டுவிட்டு, "ஏங்க, விடுங்க. களைச்சிருக்கா" என்றார்.

"களைப்பா? நீ நாள் பூரா நின்னுக்கிட்டு வேல செய்யிற. இவ படுத்துக்கிட்டே களைக்கிறாளா?"

அது நியாயமான கேள்வியாகவே எனக்குப் பட்டது.

மறுநாளிலிருந்து வகுப்பு வேனுக்குள் நடந்தது. வீட்டுக்குள்ளே இணையம் விட்டுவிட்டு வரும். மேட்டில், பழைய பால் ஸ்டோர் இருந்த இடத்தில் நிறுத்தினால் தெளிவாக இருக்கும். கித்தாப் பால் சேர்த்துவைத்த அந்தக் கட்டடத்தில் சிமெண்டுத் தரை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அப்பா வேனை அதன் மேல் ஏற்றி நிறுத்துவார். அக்காவை முன்னிருக்கையில் உட்காரவைத்து, கைப்பேசியைக் கண்ணாடி அருகே மாட்டி, சத்தத்தை வேன் ஸ்பீக்கருக்குக் கொடுப்பார். கேமரா திறந்திருக்க வேண்டும். நான் பின்னிருக்கையில் என் நட்சத்திரங்களோடு. அப்பா ஓட்டுநர் இருக்கையில், முன்பக்கம் பார்த்தபடி, எங்கோ ஓட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி.

ஆசிரியர் கேள்வி கேட்பார். அக்காவின் பெயர் நான்கு ஸ்பீக்கரிலும் ஒலிக்கும். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. "பதில் சொல்லு" என்பார் அப்பா, தலையைத் திருப்பாமல். வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். அக்காவின் காது மடல் சிவப்பது பின்னாலிருந்து எனக்குத் தெரியும். வேனின் சின்ன விசிறி அவள் முன்மயிரைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கும். அவள் அதை ஒதுக்கிவிட்டுக்கொள்ளவும் மாட்டாள்.

இரவில் அவள் தட்டிலிருந்த சோறு அப்படியே திரும்பியது. அம்மா வாயில் ஊட்டிப் பார்த்தார். அப்பா, "நடிக்கிறா. மண்ட சரியில்லேன்னா சொல்லட்டும், தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துலதான் இருக்கு, வேன்லயே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றார். நாம் எல்லோரும் பள்ளியில் ஒருவரையொருவர் திட்டப் பயன்படுத்திய வசவுதான் அது. அங்கே ஒரு மனநல மருத்துவமனை இருப்பதால் அந்த ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. அக்கா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

பிறகு, பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும் தன்முனைப்பு நிகழ்ச்சி ஒன்று வந்தது. எஸ்.பி.எம். மாணவர்களுக்காக யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள். சனிக்கிழமை காலை, இணையத்தில். அப்பாவுக்கு எங்கிருந்தோ இணைப்பு கிடைத்தது. அவர் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து வேனில் உட்கார்ந்தார். மழைக்கு முந்தைய புழுக்கம். செம்பனை மட்டைகள் அசையாமல் நின்றன.

பேச்சாளருக்கு நல்ல குரல். சிரிக்க வைத்தார். ஏழ்மையில் பிறந்து மேலே வந்தவர்களைப் பற்றிச் சொன்னார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் பேச்சாளர், "எல்லாரும் மைக்கத் திறங்க! கையத் தூக்குங்க! என்னால் முடியும்! வீடே அதிரணும்!" என்றார்.

ஸ்பீக்கர்களில் நூறு பிள்ளைகள் முன்னும் பின்னுமாகக் கத்தினார்கள். என்னால் முடியும். அப்பாவும் கையைத் தூக்கிக் கத்தினார். நானும் கத்தினேன். எனக்கு உண்மையாகவே புல்லரித்தது.

அக்கா கையைத் தூக்கவில்லை.

"சொல்லு" என்றார் அப்பா.

அவள் திரையையே பார்த்தாள்.

"மூணு வார்த்த கூட இல்ல. ரெண்டே வார்த்த. சொல்லு."

"பா, வேணாம் பா."

"சொல்லுன்னா சொல்லு! ஒன் தங்கச்சி சொல்றா, ஊரே சொல்லுது, ஒனக்கு மட்டும் வாயில என்னா?"

மைக் திறந்திருந்தது. பேச்சாளர், "யாரோ அப்பா அங்க ரொம்ப உற்சாகமா இருக்காங்க!" என்று சிரித்தார். எங்கோ இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். நான்கு ஸ்பீக்கரிலும் சிரிப்பு.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். ஓடவில்லை. மேட்டிலிருந்து இறங்கிச் செம்பனை வரிசைக்குள் நடந்தாள். செருப்பு வேனுக்குள்ளேயே கிடந்தது.

"போவட்டும்" என்றார் அப்பா. "பசிச்சா வருவா."

நிகழ்ச்சி முடிந்தது. முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. அப்பா வைப்பரைப் போட்டார், அணைத்தார், மறுபடியும் போட்டார். மழை வலுத்து, எதிரே நின்ற மரங்கள் மறைந்தன. அப்போதுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பக்கம் என்னா இருக்கு பாப்பா?"

அவருக்குத் தெரியாததா? அந்த மண்ணில் பிறந்தவர். ஆனாலும் நான் சொல்ல வேண்டியிருந்தது. "குட்டை, பா."

ஈயம் தோண்டிய காலத்துப் பள்ளம். தண்ணீர் பச்சையாக, ஆழம் தெரியாமல் கிடக்கும். நம்மில் யாரையும் அந்தப் பக்கம் விளையாட விட்டதில்லை.

அப்பா கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினார். நான் அக்காவின் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஏன் செருப்பை எடுத்தேன் என்று தெரியாது. விழுந்து கிடந்த மட்டைகளின் முள் காலைக் கிழித்தது. மழை இரைச்சலில் அப்பா அவள் பெயரைக் கூப்பிடுவது பாதிதான் கேட்டது. ஒரு முறை வழுக்கி விழுந்தார். எழுந்து, கூப்பிடாமலேயே ஓடினார். அவர் கூப்பிடுவதை நிறுத்தியதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

லாலான் புல்லைத் தாண்டியதும் அவளைப் பார்த்தோம். கரையில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் முழங்கால்வரை தண்ணீருக்குள். சட்டை உடம்போடு ஒட்டி, அவள் எவ்வளவு மெலிந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தினமும் பக்கத்தில் படுப்பவள் நான், எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் நின்றுவிட்டார். மெதுவாக, ஆட்டை நெருங்குகிறவர் மாதிரி நடந்துபோய், கைக்கெட்டும் தூரத்தில் சேற்றில் உட்கார்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.

"பா" என்றாள் அக்கா, தண்ணீரைப் பார்த்தபடி. "நான் சோம்பேறி இல்ல பா."

"செரிம்மா."

"எந்திரிக்கணும்னு நெனைக்கிறேன். தெனமும் நெனைக்கிறேன். கைகாலு கேக்க மாட்டேங்குது. எனக்கு எதுவுமே வேணும்னு தோணல. பயமா இருக்கு பா."

அப்பா கையை நீட்டி அவள் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். கையைக்கூட இல்லை, சட்டை நுனியை. மழை விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா இரண்டு நாள் லீவு எடுத்தார். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார்கள், அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்பதால் அப்பா போனார். நானும் அம்மாவும் வேனில் இருந்தோம். அப்பா வெளியே வந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை.

"சோம்பலான்னு கேட்டேன்" என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். "அந்த டாக்டர் பொண்ணு, 'வெறும் சோம்பலா இருந்தா எதுக்கு அண்ணே இப்படிப் பயப்படப் போறா?'ன்னு மலாய்ல கேட்டுச்சி."

மாத்திரை கொடுத்தார்கள். மாதம் ஒரு முறை வரச் சொன்னார்கள். பக்கத்து வீடுகளுக்கு அப்பா சொன்னது "ரத்தம் கொறைச்சலாம்" என்றுதான். அந்தப் பொய்யை அவர் இன்றுவரை திருத்தவில்லை. ஆனால் வேன் ஸ்பீக்கரில் அதற்குப் பிறகு பாடம் ஒலிக்கவில்லை. அக்கா கொஞ்சம் கொஞ்சமாகத் தலை வாரினாள். கோழிகளுக்குத் தீனி போட்டாள். ஒருநாள் அரைப் பக்கம் படித்துவிட்டு வந்து, மலை ஏறி இறங்கியவள் மாதிரி வியர்த்துப்போய் உட்கார்ந்தாள். அப்பா அதை யாரிடமும் காட்டவில்லை. தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். என் தங்க நட்சத்திரம் ஒன்றுக்குக்கூட அவர் தேத்தண்ணி கலக்கியதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று அவள் தைப்பிங்கில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள். மருந்தாளர் ஆகவில்லை. எஸ்.பி.எம்மைப் பின்னால் தனியாகப் பதிந்து எழுதினாள், சுமாராக வந்தது. "இங்க எந்நேரமும் மழை லா, துணியே காய மாட்டேங்குது" என்று அம்மாவிடம் தொலைபேசியில் புலம்புகிறாள். இப்போதும் சில சமயம் அவளுக்கு மனசில் அந்தக் கனம் திரும்பி வரும். வந்தால் அப்பாவைக் கூப்பிடுவாள். அவர் போவார்.

நான் சொல்ல நினைத்தது அதற்கெல்லாம் முந்தைய ஒரு காலையை. தள்ளிப்போன சோதனையின் முதல் நாள். பள்ளி வாசலில் உடல் வெப்பம் பார்க்க நீண்ட வரிசை. அக்கா சீருடையில் முன்னிருக்கையில் இருந்தாள். போகிறேன் என்று அவள்தான் சொன்னாள், யாரும் வற்புறுத்தவில்லை. வாசலுக்கு நேராக வேன் நின்றது. அவள் கதவின் பிடியில் கையை வைத்தாள். கை அங்கேயே இருந்தது.

பின்னால் வாகனங்கள் சேர்ந்தன. ஒருவர் ஹாரன் அடித்தார். பிறகு இன்னொருவர். வாசலில் அவளுடைய தோழிகள் கையசைத்தார்கள்.

"பா, இன்னிக்கு என்னால முடியல" என்றாள்.

அப்பா பள்ளிக் கடிகாரத்தைப் பார்த்தார். வரிசை உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. அவர் பதினேழு வருடமாகப் பிள்ளைகளை அந்த மாதிரி வாசல்களில் இறக்கிவிட்டவர்.

"நெசமா முடியலையா?"

"நெசமா."

அவர் பின்னோக்கும் கியரைப் போட்டார். வழியில்லை. காவலாளி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். மகளை இறக்கிவிடுங்கள் பாங், கதவைச் சாத்தப் போகிறோம், என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். சுற்றிலும் ஹாரன் சத்தம். அக்கா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"சாலா ஹாரி, பாங்" என்றார், அமைதியாக. நாள் தப்பாயிடுச்சி அண்ணே, என்று அர்த்தம். "இன்னிக்கு இல்ல."

காவலாளி அவரையும், சீருடையில் இருந்த அக்காவையும் பார்த்தார். பிறகு நடுச்சாலைக்குப் போய், இரண்டு கையையும் விரித்து வாகனங்களை நிறுத்தி, எங்களுக்கு வழி விட்டார். அப்பா வேனைத் திருப்பினார்.